ரெபுஹித்தோ குடித்த மதியம்

செவியா, ஸ்பெயின்
27 ஏப்ரல் 2025

அன்புள்ள கோபிக்கு,

தினமும் போனில் பேசுகிறோமே, இமெயிலில் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நாம் பேசுவதில்லை. ஸ்பீக்கரைப் போட்டு அத்தையின் பக்கத்தில் வைத்துவிடுகிறீர்கள். சாப்பிட்டாயா என்கிறீர்கள். சாப்பிட்டேன் என்கிறேன். அங்கே குளிரா என்கிறார் அத்தை. இல்லை என்கிறேன். பிறகு மூன்று பேரும் டிவி சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதற்குப் பிறகு வைக்கிறேன் என்று யார் முதலில் சொல்வது என்பதுதான் மிச்சம்.

இது உங்களுக்கு மட்டும். அத்தைக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

வல்லம் வடகால் பிளாண்டில் என்னை வழியனுப்பும்போது, ஒரு வருஷம் ஸ்பெயினில் தாய்க் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் கற்றுக்கொண்டு வா, பிப்ரவரியில் திரும்பினால் டிபார்ட்மெண்டே உன் கையில் என்றார்கள். வேலை வருகிறது. வேலை நேரத்தில் யாரும் குறை சொல்வதில்லை. ஷிப்ட் முடிந்ததும்தான் என்னை என்ன செய்வதென்று எனக்கே தெரியவில்லை. வீட்டுக்கார அம்மா ஒருவர் படியில் பார்த்தால் சிரிப்பார். கடையில் பிளாஸ்டிக் பை வேண்டுமா என்று கேட்பார்கள். நேற்று சனிக்கிழமை. உங்களோடு போனில் பேசியதைத் தவிர நான் சொன்ன ஒரே வார்த்தை 'வேண்டாம்'.

இங்கே இப்போது எல்லோருக்கும் ஒரே பேச்சு. மே முதல் வாரம் ஃபெரியா என்று ஒரு திருவிழா. ஊருக்கு வெளியே மஞ்சள் மண் கொட்டிய பெரிய மைதானம். அதில் கோடு போட்ட துணியில் ஆயிரம் கூடாரத்துக்கு மேல் போடுகிறார்கள். பஸ்ஸிலிருந்து பார்த்தேன், தெருத்தெருவாக ஒரு ஊரையே கட்டுகிறார்கள். ஒரு வாரம் ஆட்டம், பாட்டு, குதிரை வண்டி, சாப்பாடு. சாயங்காலம் சும்மா போய்ப் பார்க்கலாமா என்று கேன்டீனில் கேட்டேன். மைதானத்துக்குள் யாரும் போகலாமாம். ஆனால் கூடாரங்கள் பெரும்பாலும் குடும்பங்களுக்கும் நண்பர் குழுக்களுக்கும் சொந்தம். உள்ளேயிருந்து யாராவது கூப்பிட்டால்தான் நுழைய முடியும்.

என்னை யாரும் கூப்பிடவில்லை. சொல்லிவைத்தேன், அவ்வளவுதான்.

பதில் எழுதுங்கள். பெரிதாக வேண்டாம்.

பிரியா


மணிமங்கலம்
2 மே 2025

பிரியாவுக்கு,

உன் மெயில் வந்தது. எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. கம்பெனியில் ஷிப்ட் ரிப்போர்ட் எழுதுவதோடு சரி. அதனால் தப்பு இருந்தால் விட்டுவிடு.

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான். படப்பை டாக்டர் வெயிட் குறைக்கச் சொல்கிறார், அம்மா டாக்டரை மாற்றச் சொல்கிறது. எனக்கு இந்த வாரம் முதல் ஷிப்ட். பிரஸ் ஷாப்பில் ஒரு மெஷின் நின்றுவிட்டது, அதனால் ஓவர்டைம் இல்லை. மூன்றரைக்கே பஸ்ஸில் வந்து இறக்கிவிட்டார்கள். வெயிலில் வீட்டுக்கு வந்து படுத்தேன். சாயங்காலம் எழுந்தேன். டீ குடித்தேன். மறுபடி படுத்தேன்.

ஸ்பீக்கர் போடுவது அம்மாவுக்காக. நீ போன பிறகு அதற்கும் பேச ஆள் இல்லை.

யாரும் கூப்பிடவில்லை என்று எழுதியிருக்கிறாய். நீயாகத்தானே போனாய். குத்திக்காட்டவில்லை. போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன். வேலையைப் பார். விழா என்றால் கூட்டம் இருக்கும், நகையைக் கழற்றி வைத்துவிட்டுப் போ.

கோபிநாத்


செவியா
8 மே 2025

அன்புள்ள கோபிக்கு,

ஒன்றைச் சொல்ல வேண்டும். போனில் சொல்லியிருக்கலாம், முடியவில்லை. நேரே சொல்கிறேன். நேற்று நான் குடித்தேன்.

நேற்று ஃபெரியாவுக்காக ஊரே விடுமுறை. அறையில் உட்கார முடியவில்லை, போனேன். நகையைக் கழற்றிவைத்துவிட்டுத்தான் போனேன். மதியம் இரண்டு மணி வெயில். பெண்கள் எல்லாரும் புள்ளி போட்ட, அடுக்கடுக்காக விரியும் நீளப் பாவாடையில். காதுக்கு மேலே பெரிய பூ. குதிரைகளுக்குக்கூட மணி கட்டியிருந்தார்கள். நான் கம்பெனி டூருக்கு வந்தவள் மாதிரி ஜீன்ஸும் பையுமாக நடந்தேன். ஒவ்வொரு கூடாரத்துக்கும் வாசலில் குட்டைத் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் கைதட்டலும் பாட்டும். உள்ளே இருப்பவர்கள் வெளியே பார்ப்பதே இல்லை. ஒரு தெரு முடிந்து அடுத்த தெரு, அது முடிந்து அடுத்தது. எல்லாத் தெருவிலும் நான் வெளியே.

திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எங்கள் லேபில் அளவுக் கருவிகளைப் பார்க்கும் ரொசியோ. இதுவரை அவளும் நானும் கருவிகளைப் பற்றித் தவிர வேறு பேசியதில்லை. தடுப்பைத் தாண்டி வந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். அது அவள் பெரியப்பா, சித்தப்பா குடும்பங்கள் சேர்ந்து வைத்திருக்கும் கூடாரம். அவள் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். கோபி, பிப்ரவரியில் ஏர்போர்ட்டில் நீங்கள் என் தோளைத் தொட்ட பிறகு, என்னை ஒரு மனுஷர் தொட்டது அப்போதுதான்.

மேஜையில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி. நிறைய ஐஸ், மேலே ஒரு கொத்துப் புதினா. அதற்கு ரெபுஹித்தோ என்று பெயர். இந்தப் பக்கத்து வெள்ளை ஒயினில் எலுமிச்சை சோடாவைக் கலப்பது. வெயிலுக்கு அதுதான் என்றார்கள். ரொசியோவின் அப்பா மட்டும் அதைத் தொடவில்லை. ஒயினைச் சோடாவில் கலப்பதெல்லாம் பிள்ளைகள் தன் காலத்துக்குப் பிறகு கண்டுபிடித்த கூத்து என்று தனக்குத் தனியாகச் சின்ன கிளாஸில் வெறும் ஒயின் வைத்திருந்தார். எல்லாரும் அவரைக் கேலி செய்தார்கள். ஒரே ஜாடி. அதிலிருந்து சின்னச் சின்ன கிளாஸில் யார் கைக்குக் கிடைக்கிறதோ அவர்கள் மற்றவர்களுக்கு ஊற்றுகிறார்கள். யாரும் தனக்குத்தானே ஊற்றிக்கொண்டு நான் பார்க்கவில்லை.

முதலில் தண்ணீர் போதும் என்றேன். கொண்டுவந்து வைத்தார்கள், யாரும் வற்புறுத்தவில்லை. நான் உட்கார்ந்து காத்திருந்தேன். எதற்குத் தெரியுமா? யார் முதலில் கத்தப் போகிறார்கள் என்று. எங்கய்யா குடித்த வீட்டில் வளர்ந்தவளுக்கு அது தானாக வரும். ஆண்களின் குரலையே கவனித்துக்கொண்டிருந்தேன். வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்துவைத்தேன். தள்ளுவண்டியில் ஒரு கைக்குழந்தை தூங்கியது. ரொசியோவின் பெரியம்மா எழுந்து ஆடினார், ஆட முடியாதவர்கள் உட்கார்ந்து கைதட்டினார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஒருவரும் கத்தவில்லை. ஒருவரும் விழவில்லை. எனக்கு அழுகை வந்தது.

அப்போது ரொசியோவின் அம்மா ஒரு கிளாஸை என் முன்னால் வைத்தார். எடுத்தேன். அடியில் லேசான உப்பு, மேலே எலுமிச்சை, மூக்கில் புதினா. ருசி பிடித்தது என்று சொல்ல முடியாது. எல்லார் கையிலும் இருந்தது என் கையிலும் இருந்தது. அது பிடித்தது. மூன்று கிளாஸ் குடித்தேன்.

கல்யாணத்துக்கு முன்னால் படப்பை பஸ் ஸ்டாண்டில் நான் உங்களிடம் சொன்னது நினைவிருக்கும். ஒரு சொட்டு குடித்தாலும் நான் வர மாட்டேன் என்றேன். நீங்கள் அன்றைக்கே விட்டீர்கள். அப்படிக் கேட்டவள் நான். அதனால்தான் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

பிரியா


மணிமங்கலம்
19 மே 2025

பிரியா,

நீ போன் செய்தபோதெல்லாம் எடுக்காமல் இருந்தது வேண்டுமென்றேதான். அம்மாவிடம் நெட்வொர்க் இல்லை என்று சொன்னேன்.

நீ குடித்ததற்குக் கோபம் இல்லை. ஊர் வேறு, வெயில், யாரோ அன்பாகக் கொடுத்தார்கள். அது எனக்குப் புரிகிறது. ரொம்ப நன்றாகவே புரிகிறது. அதுதான் பிரச்சினை.

எனக்கு வசந்த், ஸ்ரீதர், சுப்பராயன் மூன்று பேரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏரிக்கரையில் உட்காருவோம். ஆளுக்கு ஒரு பீர், வறுத்த மீன், பேச்சு. எவனும் அளவு மீறியதில்லை. நீ கேட்டாய், விட்டேன். விட்டது பீர் என்றுதான் நானும் நினைத்தேன். முதலில் சோடா பாட்டிலோடு போய் உட்கார்ந்தேன். ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர்கள் சிரிக்கும்போது நான் ஒரு நொடி தள்ளிச் சிரித்தேன். வசந்த் ஒரு நாள் வண்டியில் என்னை வீட்டில் விடும்போது சொன்னான்.

"நீ வந்தா பசங்க ஃப்ரீயா பேச மாட்டேன்றாங்கடா. எல்லாத்தையும் பாத்துகினு கீற மாதிரி கீது. தப்பா எட்துக்காத."

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. போவதை நிறுத்தினேன். அவன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நீயும் வந்தாய். ஆண்கள் எல்லாரும் மொட்டை மாடியில் இருந்தார்கள். நான் கீழே பந்தலில் பெண்களோடும் பிள்ளைகளோடும் உட்கார்ந்து சாப்பிட்டேன். என் புருஷன் எவ்வளவு நல்லவர் பார் என்று நீ பக்கத்து அக்காவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. உனக்கு அவ்வளவு சந்தோஷம். நான் என்ன சொல்வேன்? அதற்கப்புறம் அவர்கள் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள்.

நீ அங்கே மூன்று மாதம் தாங்கவில்லை. பாஷை தெரியாத ஊர், சரி. நான் பிறந்த ஊரிலேயே ஆறு வருஷம் தாங்கினேன். தெரிந்த தெரு, தெரிந்த முகம். உனக்கு நான் இருந்தேன், எனக்கு நீ இருந்தாய் என்பாய். இருந்தாய். இப்போது நீயும் இல்லை.

யாரும் கூப்பிடவில்லை என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு நான் நகையைக் கழற்றச் சொல்லி எழுதினேன். வேறு எழுத வரவில்லை.

கோபிநாத்


செவியா
25 மே 2025

அன்புள்ள கோபிக்கு,

உங்கள் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். நீங்கள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் வீட்டிலேயே இருந்தீர்கள், எனக்கு அது சுகமாக இருந்தது. ஏன் இருக்கிறார் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீங்கள் சும்மா என்றுதான் சொல்லியிருப்பீர்கள். ஆனாலும் கேட்டிருக்கலாம்.

எங்கய்யாவைப் பற்றி உங்களுக்கு அடித்தது, உடைத்ததுதான் தெரியும், நான் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். சொல்லாத ஒன்று இருக்கிறது. அவர் யாரோடும் சேர்ந்து குடித்தவர் இல்லை. எங்கள் ஊரில் தீப்பெட்டிக் கம்பெனிக்குப் பின்னால் ஒரு பாலம் உண்டு. அதன் மேல் தனியாக உட்கார்ந்திருப்பார். கூட்டிக்கொண்டு வா என்று அம்மா என்னைத்தான் அனுப்புவாள். தூரத்திலிருந்து பார்க்கும்போது அவர் வாய் அசைந்துகொண்டிருக்கும். பக்கத்தில் ஆள் இருக்க மாட்டார்கள். நான் பயத்தில் நின்றுவிடுவேன். அந்தக் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தபோது, இவரை ஒருவராவது உள்ளே கூப்பிட்டிருப்பார்களா என்று நினைத்தேன். அவரை மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. முன்பு இப்படி நினைத்ததில்லை, அவ்வளவுதான்.

படப்பையில் நான் கேட்ட வாக்கைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். உங்கள் நண்பர்களிடம் போங்கள். குடிப்பதும் குடிக்காததும் உங்கள் விருப்பம். பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் போங்கள்.

பிரியா


மணிமங்கலம்
10 ஜூன் 2025

பிரியாவுக்கு,

போனேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படப்பையில் நாலு பீர் வாங்கி வண்டியில் வைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். யாருக்கும் சொல்லவில்லை. திடீரென்று போய் நிற்க வேண்டும், அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

எங்கள் இடத்தில் வேறு பசங்கள் உட்கார்ந்திருந்தார்கள். தென் மாவட்டத்துப் பிள்ளைகள், ஒரகடம் ஹாஸ்டல். ஏதோ செல்போனில் மேட்ச் பார்த்தார்கள். இருட்டும்வரை வண்டியில் சாய்ந்து நின்றேன். நம்ம ஆட்கள் யாரும் வரவில்லை. வசந்துக்குப் போன் போட்டேன். எவ்வளவு நாள் கழித்து என்று எனக்கே தெரியவில்லை. எங்கே இருக்கிறான் என்று கேட்டேன், கரையில் நிற்கிறேன் என்று சொன்னேன்.

"நீ எந்த காலத்துல கீற கோபி? அந்த செட்டு கலஞ்சி நாலு வருசம் ஆச்சுடா."

ஸ்ரீதர் வேலையோடு ஓசூருக்குப் போய்விட்டானாம். சுப்பராயன் மாமியார் வீட்டுப் பக்கம், மறைமலை நகரில். வசந்துக்குச் சுகர், அவனே தொடுவதில்லை. நான் போவதை நிறுத்திய கொஞ்ச காலத்தில் அந்தக் கூட்டமும் தானாகவே நின்றுவிட்டது. நான் இத்தனை வருஷமும், ஞாயிறு ஆனால் அவர்கள் அங்கே சிரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்து வீட்டில் படுத்திருந்தேன். உன் மேல் கோபப்பட்டதுகூட அதற்காகத்தான்.

குடிக்கவில்லை. உன் வாக்குக்காக இல்லை, நீதான் எடுத்துக்கொண்டாயே. தனியாகக் குடிக்க எனக்குத் தெரியவில்லை. பாட்டில் எல்லாம் வண்டிப் பெட்டியில் சூடாகிக் கிடக்கிறது. கடைக்காரன் திரும்ப வாங்க மாட்டான்.

போன கடிதத்தில் கடுமையாக எழுதிவிட்டேன். எழுதியதில் பாதிக்கு நீ காரணம் இல்லை.

கோபி


செவியா
20 ஜூலை 2025

அன்புள்ள கோபிக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத நாளாகிவிட்டது. அந்த ஏரிக்கரையை நினைத்தால் எழுத வரவில்லை. நான் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த வண்டியில் வந்து சாய்ந்து நின்றிருப்பேன்.

இங்கே வெயில் நாற்பத்திரண்டு. நம் ஊரில் பார்க்காத வெயிலா என்று நினைத்தேன், இது வேறு. மதியம் தெருவில் நாய்கூட இல்லை. ஆகஸ்டில் பிளாண்டை அநேகமாக மூடிவிட்டு எல்லாரும் கடற்கரை ஊர்களுக்குப் போய்விடுவார்களாம். ரொசியோவும் அம்மா அப்பாவோடு போகிறாள். ஃபெரியா முடிந்த பிறகு அவள் என்னை இரண்டு முறை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். நல்ல பெண். ஆனால் அவளுக்கு அவள் வாழ்க்கை இருக்கிறது. ஒரு மதியம் உள்ளே கூப்பிட்டவர்கள் தினமும் கூப்பிட முடியுமா? ஃபெரியா நடந்த மைதானத்தைப் பஸ்ஸில் தாண்டிப் போகிறேன். வெறும் மஞ்சள் மண். கூடாரம் நின்ற இடம் எது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை.

இப்போது ஒரு விஷயம். மானேஜர் கூப்பிட்டுப் பேசினார். இன்னும் ஒரு வருஷம் இருக்க முடியுமா என்கிறார். 2027 பிப்ரவரிவரை. வரும் பிப்ரவரியிலேயே திரும்பினால் முதலில் சொன்ன வேலை எனக்கு உண்டு, இருந்தால் அதைவிடப் பெரியது. ஆகஸ்ட் நடுவில் பதில் சொல்ல வேண்டும்.

என்ன சொல்லட்டும்? உன் இஷ்டம் என்று எழுதாதீர்கள். போன தடவையும் அதைத்தான் சொன்னீர்கள். போக வேண்டாம் என்று சொல்லவில்லை என்று எழுதியும் வைத்தீர்கள். நீங்கள் தடுக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் அங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்களுக்கு ஒன்றுதானோ என்று சில நாள் தோன்றுகிறது. அது பொய் என்று தெரிந்தும் தோன்றுகிறது.

பிரியா


மணிமங்கலம்
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள பிரியாவுக்கு,

நேற்று ஆடி ஞாயிறு, நம் தெரு அம்மன் கோயிலில் கூழ் வார்த்தார்கள். ஆள் குறைவு என்று என்னை ஊற்ற நிற்கச் சொன்னார்கள். வசந்த் வந்திருந்தான். அவன் கையில் வெங்காயம், கருவாட்டுக் குழம்பு. என் கையில் கூழ்க் கரண்டி. ரெண்டு பேரும் பழைய கதை எதுவும் பேசவில்லை. அவன் சுகர் மாத்திரையைப் பற்றிப் பேசினான், நான் அம்மா முட்டியைப் பற்றிப் பேசினேன். நன்றாக இருந்தது.

வழக்கத்தைவிட வெளி ஆட்கள் அதிகம். கம்பெனி யூனிஃபார்மோடு ஹாஸ்டல் பெண்கள் நிறையப் பேர். அதில் ஒருத்தி சொம்பை நீட்டினாள். ஊற்றினேன். அவள் நகரவில்லை.

"அண்ணே, இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க. ரொம்பப் பசிக்கி."

கரண்டியைப் பானைக்குள் விட்டவன் அப்படியே நின்றுவிட்டேன். 'பசிக்கி'. உங்கள் தெற்கத்திப் பேச்சு. கல்யாணமான புதிதில் நீ அப்படிச் சொல்வாய், நான் சிரிப்பேன், நீ முறைப்பாய். அப்புறம் எங்கள் பேச்சைப் பழகிக்கொண்டாய். நீ விட்ட பிறகு இந்த வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்லவில்லை. நான் அதைக் கவனிக்கவே இல்லை. பின்னால் நின்றவர்கள் சத்தம் போட, வசந்த் கரண்டியை வாங்கிக்கொண்டான்.

அந்தப் பெண் வேப்பமரத்துக்குக் கீழே தனியாக நின்று குடித்தாள். பெயர் கனிஷ்காவாம், சங்கரன்கோயில் பக்கமாம், வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லையாம். எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? அம்மா அந்த முட்டியோடு நடந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், அப்படி என்னம்மா பேசினாய் என்று.

"எம் மருமவளும் உங்க ஊரு பக்கந்தான்னு சொல்லிகினு இருந்தேன். அவ எப்போ வருவான்னு கேட்டுச்சு. எனக்கு இன்னாடா தெரியும்?"

எனக்கும் தெரியவில்லை, பிரியா. உன் கடிதம் வந்த நாளிலிருந்து 'வேலை முக்கியம், இரு' என்று எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். எழுதவே வரவில்லை.

இருக்க வேண்டாம். பிப்ரவரியில் வந்துவிடு. எனக்கு நீ வேண்டும்.

பெரிய வேலை போகும் என்று தெரியும். யோசித்து, இருக்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்தால் நான் கோபப்பட மாட்டேன், வருத்தப்படுவேன். ஆனால் நான் கேட்கவே இல்லை என்று இந்தத் தடவை ஆகக் கூடாது.

கோபி


செவியா
12 ஆகஸ்ட் 2025

அன்புள்ள கோபிக்கு,

மானேஜரிடம் இன்று சொல்லிவிட்டேன். இருக்க முடியாது, பிப்ரவரியில் போகிறேன் என்று. காரணம் கேட்டார். வீட்டில் வரச் சொல்கிறார்கள் என்றேன். யார், அப்பா அம்மாவா என்றார். இல்லை, என் கணவர் என்றேன். ஸ்பானிஷில் அந்தச் சொல் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆறு மாதத்தில் அதைச் சொல்ல ஒரு சந்தர்ப்பமும் வந்ததில்லை. முதல் தடவை தவறாகச் சொல்லி, அவர் திருத்தி, மறுபடி சொன்னேன்.

உங்களுக்காக மட்டும் விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பெரிய வேலையை நினைத்தால் கொஞ்சம் வலிக்கிறது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

வெளியே வந்தபோது வராந்தாவில் ஒருவரும் இல்லை. லேபில் என் மேஜை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பிப்ரவரிக்கு இன்னும் நிறைய நாள் இருக்கிறது. உட்கார்ந்து வேலையைப் பார்த்தேன்.

பிரியா